நாயில்லாத நாய்க்காரரும் நாலாம் நம்பர் தம்ளரும்!

"நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறேன். நீயும் வர்றியா?"

சாயந்தரம் ஐந்தரை மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பக்கத்து மேஜைப் பெரியவர் இப்படிக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் உதறல். எனக்கும் நாய்க்கும் ஆகாது. சின்ன வயசில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட ஜாதி நான். ஆனாலும் வேலையில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வெளிநாடு, புது ஆபீஸ், முதல் அழைப்பு. மறுக்க முடியுமா? கீழே கடையில் ஒரு பாக்கெட் பிஸ்கெட் வாங்கிக்கொண்டு (முன்ஜாக்கிரதை!) கிளம்பிவிட்டேன்.

நேரே ஒரு பப்புக்குள் நுழைந்தார். நாயைக் காணோம்.

"நாய் எங்கே ஸார்?"

மேஜையில் ஒரு பாட்டிலை 'டொக்'கென்று வைத்தார். "இதுதான்!"

2018 ஜனவரி. கம்பெனி என்னை ஒன்பது மாத வேலைக்கு அனுப்பிவைத்த ஊர், இங்கிலாந்தின் வடக்கே டைன் நதிக்கரையில் இருக்கும் நியூகாஸில். அந்த ஊர் ஆசாமிகளுக்கு ஜோர்டிகள் என்று பெயர். அவர்கள் பேசும் இங்கிலீஷ் லண்டன்காரர்களுக்கே புரியாது. மயிலாப்பூர்காரனுக்கு எப்படிப் புரியும்? 'வை ஐ' என்றால் 'ஆமாம்'. 'தி டாக்' என்றால் நியூகாஸில் பிரவுன் ஏல். 'நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்' என்றால், வீட்டில் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு பப்புக்கு நழுவுவது. எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் அர்த்தம் தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டும், அது மரியாதை!

பெரியவருக்கு வயசு 64. உதட்டையே மறைக்கிற வெள்ளை மீசை. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவர் பெயர் மீசை. என்னை 'மேன்' என்றுதான் கூப்பிடுவார். அவர் வயசுக்கு அதை நான் 'தம்பி' என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

பழுப்பு நிறத்தில் ஓர் ஊர்ப் பெருமை

நமக்கு பீர் என்றால் ஒன்றுதான். மஞ்சளாக இருக்கும், ஐஸ் மாதிரி இருக்க வேண்டும், சூடு குறைவதற்குள்... மன்னிக்கவும், குளிர் குறைவதற்குள் தீர்த்துவிட வேண்டும். அது லாகர் வகை. ஏல் வேறு. ஏலுக்கான ஈஸ்ட் கொஞ்சம் சூடான இடத்தில், 20 டிகிரி சுமாருக்கு, வேலை செய்யும். குடிப்பதும் ஃப்ரிஜ் குளிரில் இல்லை; பத்து, பதிமூன்று டிகிரியில். அப்போதுதான் வாசனை வெளியே வரும். ஐஸில் வைத்தால் நல்ல பீரும் மட்ட பீரும் ஒரே மாதிரி. 'அதுக்குத்தான் சில பேர் ஐஸில் வைக்கச் சொல்றான்!' என்பார் மீசை.

நியூகாஸில் பிரவுன் ஏலை உருவாக்கியவர் கர்னல் ஜிம் போர்ட்டர் (போர்ட்டர் என்பது இன்னொரு பீர் வகையின் பெயர். பெயரில் போர்ட்டர், செய்தது பிரவுன்!). மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு 1927-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே லண்டன் கண்காட்சியில் தங்க மெடல்கள். லேபிளில் இருக்கும் நீல நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகள். 1890-ல் ஒன்றாக இணைந்த ஐந்து ப்ரூவரிகளை அவை குறிக்கும். அந்த ஊர் ஃபுட்பால் டீமின் பனியனில்கூட அந்த நட்சத்திரம் கொஞ்ச காலம் மின்னியது.

இந்த பீருக்கு ஐரோப்பிய யூனியன் 2000-ல் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. நம்ம காஞ்சிபுரம் பட்டு மாதிரி. அந்த ஊரில் செய்தால்தான் அந்தப் பெயர். வந்தது வினை. 2005-ல் கம்பெனி ஊருக்குள் இருந்த ப்ரூவரியை மூடிவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கேட்ஸ்ஹெட்டுக்குப் போய்விட்டது. ஆற்றைத் தாண்டினால் அது நியூகாஸில் இல்லையே! கம்பெனியே போய், அந்தப் பாதுகாப்பை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டு, 2007-ல் ரத்தும் ஆனது. 2010-ல் உற்பத்தி இன்னும் தெற்கே, யார்க்ஷயரின் டாட்காஸ்டருக்குப் போய்விட்டது.

மீசையின் அப்பா அந்தப் பழைய ப்ரூவரியில் பீப்பாய் உருட்டியவர். "எங்க ஊர் பேரை ஒட்டிக்கிட்டு எவன் ஊர்லேயோ காய்ச்சறான் தம்பி. ரிட்டயர் ஆனதும் நானே ஒரு பிரவுன் ஏல் போடப் போறேன். ஊருக்குள்ளேயே!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார். ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் அதற்குத்தான். குத்தகைப் பத்திரத்தில் பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை கையெழுத்து.

நம் ஊரில் ரிட்டயர் ஆகிற மனுஷர் பி.எஃப். பணத்தை எடுத்து ஹோட்டல் வைக்கப் போகிறேன் என்றால் நமக்கு வயிற்றில் என்ன கரையுமோ, அது எனக்குக் கரைந்தது.

காரேஜில் ஒரு கல்யாணச் சமையல்

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை, விற்காதவரைக்கும். நம் ஊரில் வீட்டில் காய்ச்சினால் அதற்குப் பெயரே வேறு. வருகிற விருந்தாளியும் வேறு, காக்கியில் வருவார்!

காரேஜில் பெரிய அண்டா, குழாய், தெர்மாமீட்டர். மீசை கையில் கரண்டி. கல்யாண சமையல்காரர் தோற்றார்.

முதலில் மால்ட். ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. நம் பாட்டிகள் கஞ்சி மாவுக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுப்பார்களே, அதையே பார்லியில் செய்தால் மால்ட். லேசாகக் காய்ச்சிய மால்ட்தான் முக்கால்வாசிக்கு மேல். பிரவுன் ஏலின் குணம் மிச்சம் கொஞ்சத்தில் இருக்கிறது. ஒன்று, கிரிஸ்டல் மால்ட். முளைவிட்ட பார்லியை ஈரத்தோடு வேகவைக்கிறார்கள். உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகி, பிறகு வறுக்கும்போது பாகாக இறுகுகிறது. ஒரு மணியை வாயில் போட்டேன். கடலைமிட்டாய்! இன்னொன்று, சாக்லேட் மால்ட். அதில் சாக்லேட் கிடையாது. காப்பிக்கொட்டை மாதிரி 200 டிகிரிக்கு மேல் கறுக்க வறுத்தது, அவ்வளவுதான். 'நட் பிரவுன்' என்று சில லேபிள்களில் போட்டிருக்கும். பருப்பு, கொட்டை எதுவும் சேர்ப்பதில்லை. வறுத்த மால்ட்டே அந்த நிறமும் வாசனையும் கொடுக்கிறது.

நாலரை கிலோ மால்ட்டை நொறுக்கி, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல். மால்ட்டில் இருக்கும் என்ஸைம்கள் மாவைச் சர்க்கரையாக்கும். வடிகட்டிய தித்திப்புத் தண்ணீரை ஹாப்ஸ் பூ போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். ஆறவைத்து ஈஸ்ட். பிறகு மூடிவைத்துவிட்டு, ஈஸ்ட் தன் வேலையைச் செய்ய விடவேண்டும்.

"நான் ஆறே நாள்ல பாட்டில்ல அடைச்சிடுவேன்!" என்றார் மீசை பெருமையாக.

காரேஜ் அன்றைக்குக் குளிரில் விறைத்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு ஸ்வெட்டர்.

அப்போது அவர் மனைவி டீயும், ஸ்டாட்டி என்கிற அந்த ஊர் வட்ட ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். போகிறபோக்கில் என்னிடம், "இவர் பீர்ல வெண்ணெய் வாசனை வருது. நான் சொன்னா கேக்கறதில்ல" என்றார்.

மீசை கண்ணடித்தார். "எந்நேரமும் கேக் சுட்டுக்கிட்டிருக்கா. அவ மூக்குலயே வெண்ணெய்!"

நானும் சிரித்தேன். ஆண்களுக்குள் ஓர் ஒற்றுமை வேண்டாமா?

ஆபீஸ் அப்ரைசல் மாதிரி ஒரு ஃபாரம்

பிப்ரவரியில் அந்தப் பரீட்சை வந்தது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் ஒன்று, ஒரு பப்பின் மாடியில் கூடும். பிரவுன் ஏலுக்கு மட்டும் ஒரு போட்டி. மீசை இதுவரை தெருக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும்தான் ஊற்றியிருக்கிறார். ஓசி பீரை யார் குறை சொல்வார்கள்? 'பிரமாதம்!' என்று சொல்லி இரண்டாவது தம்ளரை நீட்டுவார்கள். முதன்முறையாகப் போட்டிக்கு வைத்தார்.

நாலு ஜட்ஜுகளில் ஒருவருக்கு ஜலதோஷம். மூக்கடைத்த ஜட்ஜ் வக்கீல் இல்லாத கோர்ட் மாதிரி. என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"அதுதான் தகுதி. கெட்டுப்போகாத நாக்கு" என்றார் தலைமை ஜட்ஜ். ரிட்டயரான கெமிஸ்ட்ரி டீச்சர். பிறகு சந்தேகமாக, "மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"லெமன் ரைஸ். மாவடு."

பேரமைதி. காரம், காப்பி, சென்ட், ஆஃப்டர் ஷேவ் எதுவும் கூடாதாம். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, வெறும் ரொட்டித் துண்டுகளைத் தின்னவைத்தபிறகே நாற்காலி கொடுத்தார்கள்.

கையில் ஒரு ஃபாரம். பார்த்ததும் சொந்த ஊருக்கே வந்தமாதிரி இருந்தது. நம் ஆபீஸ் அப்ரைசல் ஃபாரமேதான்! 1985-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த பீர் ஜட்ஜுகள் அமைப்பின் முறை அது. மொத்தம் 50 மார்க்:

• வாசனை — 12
• தோற்றம் — 3
• சுவை — 20
• வாயில் உணரும் கனம், நுரைப்பு — 5
• ஒட்டுமொத்த அபிப்பிராயம் — 10

45-க்கு மேல் உலகத்தரம். 38 வாங்கினால் பிரமாதம். 30 வாங்கினால் ரொம்ப நல்லது. 21 முதல் 29 வரை 'சுமாருக்கு மேலே, ஆனால் ஏதோ இடிக்கிறது'. 13-க்குக் கீழே போனால் குழாயடியில் கொட்டலாம். கவனித்தீர்களா? அழகுக்கு வெறும் 3 மார்க்! கல்யாணச் சந்தையில் இந்த ஃபாரத்தை அமல்படுத்தினால் பாதிப் பேருக்கு விடிவு காலம்.

டீச்சர் பேச்சோடு பேச்சாக, "பீரை வகைவகையாப் பிரிச்சுப் பார்க்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மைக்கேல் ஜாக்ஸன்" என்றார். நான் மூன்வாக் ஆடுகிறவரை நினைத்து முழித்தேன். இவர் வேறு மைக்கேல் ஜாக்ஸன். இங்கிலாந்துக்காரர், தாடிவைத்த பத்திரிகையாளர். 1977-ல் உலக பீர்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டு, உலகத்தையே பீரை யோசித்துக் குடிக்கவைத்தவர். 2007-ல் மறைந்தார்.

மூக்குதான் முதலாளி

ஒவ்வொரு தம்ளரிலும் 60 மில்லி. அவ்வளவுதான். அதற்கு ஒருத்தருக்குப் பத்து நிமிஷம்! நம் டாஸ்மாக் வாசலில் எப்போதாவது ஒருவர் ருசித்துக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணை இறுக்க மூடி, கஷாயம் மாதிரி ஒரே மூச்சில் உள்ளே தள்ளி, முகத்தை அஷ்டகோணலாக்கி, அவசரமாக ஊறுகாயை நக்குவார். பிடிக்காத ஒன்றை அவ்வளவு கஷ்டப்பட்டு, காசும் கொடுத்து விழுங்குவானேன் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். அந்த மாடியில் பதில் கிடைத்தது. அவர் குடிப்பது ருசிக்காக இல்லை. இவர்கள் குடிப்பது போதைக்காக இல்லை.

டீச்சர் சொல்லிக்கொடுத்த வரிசை இது. தம்ளரில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். மேலே கையால் மூடி, லேசாகச் சுழற்றி, உடனே முகரணும். ஏனென்றால் சில வாசனைகள் ஒரு நிமிஷத்தில் ஓடிப்போய்விடும். அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம், தெளிவு, நுரை. அப்புறம்தான் வாய். துப்பக் கூடாது. விழுங்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். நாம் 'ருசி' என்று நினைப்பதில் பெரும்பகுதி தொண்டைக்குப் பின்னால் ஏறிவரும் வாசனைதான். ஜலதோஷத்தில் ரசம் வெந்நீராகப் போவது அதனால்தான்.

"நாக்கு நுனியில இனிப்பு, பின்னாடி கசப்பு..." என்று நான் ஸ்கூல் பாடத்தை எடுத்துவிட்டேன். டீச்சர் சிரித்தார். அந்த நாக்கு மேப்பே தப்பாம். 1901-ல் ஒரு ஜெர்மானியர் செய்த ஆராய்ச்சியை, 1942-ல் இன்னொருவர் தவறாகப் புரியும்படி வரைந்துவைத்த கூத்து. எல்லா ருசியும் நாக்கில் எல்லா இடத்திலும் தெரியும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கடை பீர் ஒன்று, தராசைச் சரிபார்ப்பதற்காக. அது 'நாய்'தான். என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். டாஃபி, பிஸ்கெட், ஹேஸல்நட் என்று அவர்கள் எழுதினார்கள். நான் ஹேஸல்நட்டைக் கண்ணால் கண்டதில்லை. "வறுத்த வேர்க்கடலை. பாகு. ரஸ்க்கை டீயில் தோய்த்தால் வருமே, அது" என்றேன். மூன்று பேரும் மறுபடி முகர்ந்துவிட்டு, "அட, ஆமாம்!" என்று தலையாட்டினார்கள். எனக்குக் காலர் தூக்கிக்கொண்டது.

அதற்குப்பிறகு போட்டி. நம்பர் போட்ட தம்ளர்கள். எது யாருடையது என்று ஊற்றுகிறவருக்கு மட்டுமே தெரியும். ஊற்றுகிறவர்? நம் மீசையேதான். ஜாடியும் கையுமாக என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

நம்பர் 1: பழைய ஆபீஸ் ஃபைல் வாசனை. "ஈர அட்டை" என்றார் டீச்சர். பாட்டிலில் அடைக்கும்போது காற்று புகுந்து, பீருக்கு வயசாகிவிட்டது.

நம்பர் 2: சுத்தம். மால்ட்டும் கசப்பும் அண்ணன் தம்பியாக ஒத்துப்போயிருந்தன.

நம்பர் 3: 'குப்'பென்று ஒரு நாற்றம். வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறார் புண்ணியவான். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்தால், ஸ்கங்க் என்கிற அமெரிக்கப் பிராணி பின்பக்கமாகப் பீச்சும் வாசனைக்கு நெருங்கிய உறவு ஒன்று பிறக்கும். பிரவுன் கலர் பாட்டில் எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம்பர் 5 ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. குழாய்த் தண்ணீரிலிருந்த குளோரின் செய்த வேலை.

நடுவில் நம்பர் 4-ஐ ஏன் தாண்டினேன் என்கிறீர்களா? அங்கேதான் வம்பு.

நாலாம் நம்பர்

முகர்ந்தேன். சொர்க்கம்! வாணலியில் வெண்ணெய் உருகுகிறது. சினிமா தியேட்டர் பாப்கார்ன். நிறம் சொக்கத் தங்கமும் செம்பும் கலந்த பழுப்பு. குடித்தால் நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது. வாசனைக்கு 12-க்கு 12, தோற்றம் 3, சுவை 17, கனம் 4, அபிப்பிராயம் 9. மொத்தம் 45. உலகத்தரம்!

மற்றவர்கள் 23, 24, 25.

ஜட்ஜுகளுக்குள் ஏழு மார்க்குக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, பேசித் தீர்க்க வேண்டும் என்பது விதி. "எதுக்கு இத்தனை போட்டே, சொல்லு" என்றார் டீச்சர்.

"வெண்ணெய்!" என்றேன் பரவசமாக. "அடுப்படி மாதிரி அருமையான வெண்ணெய் வாசனை!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "அதுதான் தப்பு."

டையசிட்டைல் என்று பெயர். நிஜ வெண்ணெயிலும் மோரிலும் வாசனை தருவது இதே பொருள்தான். ஈஸ்ட் வேலை செய்யும்போது இதற்கான மூலப்பொருளை வெளியே விடும். அது டையசிட்டைலாக மாறும். கடைசி சில நாட்களில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிச் சுத்தம் செய்துவிடும். பந்தி முடிந்ததும் இலை எடுக்கிற மாதிரி. அந்த நாட்களுக்குப் பொறுக்காமல் பாட்டிலில் அடைத்தாலோ, இடம் குளிர்ந்து ஈஸ்ட் அடியில் தூங்கிப்போனாலோ, இலை எடுக்க ஆள் இல்லை. சில ஆங்கில ஏல்களில் லேசாக இருந்தால் மன்னிப்பார்கள். இதில் மால்ட்டே தெரியாத அளவுக்கு வெண்ணெய்.

"சில பேருக்கு இந்த வாசனை மூக்குல தெரியவே தெரியாது. இதைக் காய்ச்சினவர் அப்படிப்பட்டவரா இருக்கலாம்" என்றார்.

ஆறு நாள். விறைக்கும் காரேஜ். 'நான் சொன்னா கேக்கறதில்ல.'

எனக்குச் சுரீர் என்றது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. முதுகுக்குப் பின்னால் ஜாடி மேஜைமேல் வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

"உன் மார்க்கை மாத்தறியா, இல்ல அப்படியே விடறியா? கட்டாயமில்லை. உன் நாக்கு, உன் பேனா."

நான் பிடிவாதம் பிடித்தால் அவருக்கு நாலு நல்ல வார்த்தையாவது மிஞ்சும். 'இந்தியத் தம்பி 45 போட்டான்' என்று சந்தோஷப்படுவார். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவார். அப்பா உருட்டிய பீப்பாய்க்குப் பதிலாக மகன் வெண்ணெய் பீரை உருட்டுவார். ஒரு தடவை வாங்கினவன் மறுதடவை வர மாட்டான். அதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டான்.

வாசனை 5. சுவை 10. அபிப்பிராயம் 5. தோற்றத்தையும் கனத்தையும் தொடவில்லை. மொத்தம் 27. எழுதும்போது விரல் நடுங்கியது. 60 மில்லிக்கு அப்படி நடுங்காது.

மார்க்கோடு முடியவில்லை, கீழே காரணம் எழுத வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'நல்லா இல்லை' என்று எழுதக் கூடாது. எது நன்றாக இருக்கிறது என்பது முதலில். பிறகு தெரிந்த குறை. பிறகு அது எதனால் வந்திருக்கலாம். கடைசியாக, அடுத்த தடவை என்ன செய்யலாம். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'நிறம் அழகு. மால்ட் தேர்வு அருமை. வெண்ணெய் வாசனை மால்ட்டை மறைக்கிறது. ஈஸ்ட்டோடு இன்னும் நாலைந்து நாள், குளிராத இடத்தில் வைத்துப் பாருங்கள்.'

இருபது வருஷ சர்வீஸில் எந்த மேனேஜரும் எனக்கு இப்படி ஒரு அப்ரைசல் எழுதியதில்லை.

பாலத்தின் மேல்

இரவு பத்து மணி. டைன் பாலத்தில் இருவரும் நடந்தோம். காற்று காதை அறுத்தது. மீசை பேசவில்லை. பாதிப் பாலத்தில் நின்றார்.

"நாலாம் நம்பர் என்னுது."

"தெரியும் ஸார்."

"எப்போ தெரியும்?"

"மார்க்கைக் குறைக்கறதுக்கு முந்தி."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு இப்பவும் அதுல வெண்ணெய் தெரியல தம்பி. நாலு தடவை மோந்து பார்த்துட்டேன். ஒண்ணுமே தெரியல." கொஞ்ச நேரம் கழித்து, "மூணு வருஷமா அவ சொல்லிக்கிட்டிருக்கா. மூணு வருஷம்!"

மறுநாள் குத்தகைக்காரருக்குப் போன் செய்து, ஆறு மாசம் தள்ளிப் போட்டார். வீட்டுக்குப் போகும்போது பூங்கொத்து வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. அந்த அம்மாள், 'யாராவது செத்துப்போயிட்டாங்களா?' என்று கேட்டாராம்.

டீச்சர் ஒரு எளிய பரிசோதனை சொல்லிக்கொடுத்தார். பாட்டிலில் அடைப்பதற்கு முன் இரண்டு சின்ன பாட்டில்களில் கொஞ்சம் கொஞ்சம் பீர். ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்து ஆறவிடுவது. மற்றதை அப்படியே விடுவது. பிறகு இரண்டையும் முகர வேண்டும். ஒளிந்திருக்கும் மூலப்பொருளைச் சூடு டையசிட்டைலாக மாற்றிவிடும். சுடவைத்ததில் வெண்ணெய் வந்தால், ஈஸ்ட் வேலை முடியவில்லை, காத்திரு. முகர்வது மீசை இல்லை. அவர் மனைவி. காரேஜிலிருந்த டிரம் வீட்டுக்குள் ஹால் மூலைக்கு வந்துவிட்டது. எஜமானியம்மாள் தலையசைக்காமல் ஒரு பாட்டில்கூட மூடக் கூடாது என்று சட்டம்.

அடுத்த காய்ச்சலுக்குச் சங்கத்தில் 33 மார்க். அதற்கடுத்ததற்கு 38. இந்தத் தடவை ஃபாரத்தில் யாரோ 'வறுத்த வேர்க்கடலை' என்று எழுதியிருந்தார்கள். நான் அன்றைக்கு ஜட்ஜ் இல்லை!

அங்கே சின்ன ப்ரூவரிகளுக்கு வரியில் பாதிவரை சலுகை 2002-ல் வந்தது. கொண்டுவந்த நிதியமைச்சர் பெயர் கார்டன் பிரவுன் (பெயர் பொருத்தம் பாருங்கள்!). அந்தத் தெம்பில் மீசை, பணத்தில் பாதியை பாங்கிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தில் சின்னதாக ஆரம்பித்தார். நான் ஊர் திரும்பும்போது ஏர்போர்ட்டுக்கு வந்து, கையில் ஒரு பாக்கெட்டைத் திணித்தார். பீர் என்று பயந்துபோய்ப் பார்த்தேன். நாய் பிஸ்கெட்.

சென்னை வந்து ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியை முகர்ந்து, லேசாகச் சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "இதென்ன புதுப் பழக்கம்?" என்றாள் என் மனைவி. மீசையின் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். எனக்கும் ஏதோ ஓர் உந்துதல். கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, நீ வருஷக்கணக்கா சொல்லி, நான் காதுல வாங்காம விட்டது ஏதாவது இருக்கா?"

காப்பி தம்ளரைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பேப்பர், பேனா எடுத்துக்கிட்டு உட்காருங்க. லிஸ்ட் பெருசு."

ஒன்றரை மணி நேரம் ஆனது. 50-க்கு 21 கொடுத்திருக்கிறாள். 'திருத்த வாய்ப்பு உண்டு' என்று கீழே எழுதியிருப்பது ஒன்றுதான் ஆறுதல்.